இறையியல் யாருக்கு?

பொருளாதாரம் பயிலாத மாணவனும் பொருளாதாரத்தைப் பற்றிப் பேசுகிறான். சட்டம் பயிலாதவனும் அரசியல் சட்டத்தைப் பற்றி வாதிடுகிறான். அதிலே தவறு ஒன்றும் இல்லை. பல்கலைக்கழகம் என்பதே அதற்குத்தானே? ஆனால் சமயம் என்று வந்துவிட்டால் மட்டும் நாம் இரண்டே விதமாகப் பேசப் பழகியிருக்கிறோம். ஒன்று, கைகூப்பி வணங்கிவிட்டு வாயை மூடிக்கொள்வது. மற்றொன்று, எள்ளி நகையாடிவிட்டு எழுந்து போய்விடுவது. ஆராய்ந்து பேசுதல் என்னும் மூன்றாவது வழி ஒன்று உண்டு என்பதை நம்மில் பெரும்பாலோர் எண்ணிப் பார்ப்பதே இல்லை. அந்த மூன்றாவது வழிக்குத்தான் இறையியல் என்று பெயர். கிறிஸ்தவ இறையியலை நம் சங்கத்து நண்பர்களுக்கு அறிமுகம் செய்து, எச்சமயத்தைச் சார்ந்தவராயினும், எச்சமயத்தையும் சாராதவராயினும், மாணவர் அதனைக் கற்க வேண்டும் என்று வற்புறுத்துவதே இக்கட்டுரையின் நோக்கம்.

நான் சைவக் குடும்பத்தில் பிறந்தவன், தத்துவம் பயில்பவன். யாரையும் எந்தச் சமயத்திற்கும் அழைப்பது என் வேலையன்று. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனெனில், "கிறிஸ்தவ இறையியல்" என்ற சொல்லைக் கண்டதுமே, "இவன் எதற்கோ வலை விரிக்கிறான்" என்று சில நண்பர்கள் ஐயுறக்கூடும். அந்த ஐயத்திற்குப் பின்னர் விடை கூறுவேன்.

இறையியல் என்பது யாது? கிரேக்க மொழியில் 'தெயோஸ்' என்றால் கடவுள். 'லோகோஸ்' என்றால் சொல், அறிவு, காரணத்தோடு கூடிய உரை. கடவுளைப் பற்றிக் காரணத்தோடு பேசுதல் என்பதே இச்சொல்லின் பொருள். கோயிலில் கேட்கும் பிரசங்கம் வேறு; இறையியல் வேறு. பிரசங்கம் கேட்பவனை இணங்கச் செய்ய முயல்கிறது. இறையியலோ நம்புகிறவனையே நிறுத்தி வைத்து வினவுகிறது: நீ நம்புவது என்ன? அதற்குப் பொருள் உண்டா? முன்னுக்குப் பின் முரணாகாமல் அதனைச் சொல்ல முடியுமா? உன் நம்பிக்கையால் உன் அயலான் வாழ்வானா, வீழ்வானா? பதினோராம் நூற்றாண்டில் வாழ்ந்த ஆன்செல்ம் என்னும் துறவி, நம்பிக்கையானது விளக்கத்தைத் தேடிப் புறப்படும் முயற்சி என்று இதனைக் கருதினார். அவர் பின்னாளில் இங்கிலாந்தின் காண்டர்பரிக்குப் பேராயரானவர். நம்பிக்கை உள்ளவனே விளக்கம் தேடக் கடமைப்பட்டவன் என்பது அவர் துணிபு. "நம்பு, கேள்வி கேட்காதே" என்று கூறுவதே சமயம் என்று எண்ணிக்கொண்டிருப்பவர்களுக்கு இது வியப்பாக இருக்கலாம்.

தமிழருக்கு இது புதுமையும் அன்று. பதின்மூன்றாம் நூற்றாண்டில் மெய்கண்டார் பன்னிரண்டே சூத்திரங்களில் சிவஞானபோதத்தை அமைத்தார். பதி, பசு, பாசம் என்னும் முப்பொருளையும் நிறுவ அவர் கையாண்டது காரண காரிய முறை. பதினெட்டாம் நூற்றாண்டில் சிவஞான முனிவர் அதற்குப் பேருரை கண்டார். இந்நூல்களைப் பெற்ற இனத்தார், "சமயத்தில் ஆராய்ச்சிக்கு இடம் ஏது?" என்று வினவுவது பொருந்துமா?

இரு மரபுகளும் ஒரே வினாவை எவ்வாறு எதிர்கொண்டன என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டுத் தருகிறேன். ஐந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், வட ஆப்பிரிக்காவின் ஹிப்போ நகரத்து ஆயரான அகுஸ்தீனுக்கும் (354–430), பிரிட்டனைச் சேர்ந்தவராகக் கருதப்படும் பெலாகியுஸ் என்பவருக்கும் ஒரு பெரும் வழக்கு எழுந்தது. மனிதன் தன் முயற்சியால் நல்லவனாக முடியும், ஆதலால் நல்லவனாக வேண்டிய பொறுப்பும் அவனுடையதே என்றார் பெலாகியுஸ். மனிதனுடைய விருப்பமே பழுதுபட்டுக் கிடக்கிறது. முதல் அடியை எடுத்து வைப்பதற்கும் அருளே துணை செய்ய வேண்டும் என்றார் அகுஸ்தீன். இப்போது நம் ஊர் வைணவத்தை நினைத்துப் பாருங்கள். குரங்குக் குட்டி தாயின் வயிற்றைத் தானே இறுகப் பற்றிக்கொள்கிறது. பூனைக் குட்டியையோ தாயே கவ்விக்கொண்டு போகிறது. உயிர் குரங்குக் குட்டியைப் போலவா, பூனைக் குட்டியைப் போலவா? வேதாந்த தேசிகர் வழிவந்த வடகலையாரும், பிள்ளை லோகாசாரியர் வழிவந்த தென்கலையாரும் நூற்றாண்டுக் கணக்காக ஆராய்ந்தது இதைத்தான். இரண்டும் ஒன்றே என்று நான் கூற வரவில்லை. ஆதிப் பாவம் பற்றிய அகுஸ்தீனின் கொள்கைக்கு வைணவத்தில் ஈடு இல்லை. ஆயினும், ஒரு தென்கலையார் வீட்டுப் பிள்ளை அகுஸ்தீனைப் படித்தால் அயல் வீட்டுக்குள் நுழைந்தது போல் திகைக்கமாட்டான். தன் வீட்டுக் கூடத்தையும் அவன் புதிய கண்ணோடு பார்ப்பான். பிறர் சமயத்தைக் கற்பதன் முதற்பயன் இதுவே.

ஒரு சொல்லில் என்ன இருக்கிறது?

கிறிஸ்தவ இறையியலின் நடுநாயகமான வினா, "இயேசு யார்?" என்பது. நல்லாசிரியர் ஒருவரா? கடவுளால் அனுப்பப்பட்ட தூதரா? கடவுளேயா? 325-ஆம் ஆண்டில் ரோமப் பேரரசன் கான்ஸ்டன்டைன் நீசேயா நகரில் ஆயர்களின் மன்றம் ஒன்றைக் கூட்டினான். அவ்வூர் இன்று துருக்கி நாட்டில் இஸ்னிக் என்று வழங்குகிறது. அலெக்சாந்திரியாவைச் சேர்ந்த ஆரியுஸ் என்ற குரு, மகனானவர் எவ்வளவு உயர்ந்தவராயினும் படைக்கப்பட்டவரே என்று கற்பித்து வந்தார். மன்றம் அதனை மறுத்து, மகன் தந்தையோடு "ஒரே பொருளானவர்" என்று தீர்மானித்தது. அதன் பிறகும் சண்டை ஓயவில்லை. "ஒரே பொருள்" என்று வேண்டாம், "ஒத்த பொருள்" என்று சொல்லிச் சமாதானமாகிவிடுவோம் என்றது ஒரு பிரிவு. கிரேக்கத்தில் இவ்விரு சொற்களுக்கும் வேறுபாடு ஒரே ஓர் எழுத்துத்தான். ஓரெழுத்துக்காக உலகமே இரண்டுபட்டதே என்று பிற்காலத்தவர் நகைத்தனர்.

நகைப்பதற்கு முன் சிறிது எண்ணுவோம். கடவுள் உலகத்தின் துன்பத்திற்குத் தாமே வந்தாரா, அல்லது ஓர் ஆளை அனுப்பிவிட்டுத் தாம் எட்டி நின்றாரா என்பதுதான் அந்த ஓரெழுத்தில் அடங்கிய வினா. அரசன் தானே வெள்ளக்காட்டில் இறங்குவதற்கும், அதிகாரி ஒருவனை அனுப்பி வைப்பதற்கும் வேறுபாடு இல்லையா? ஆரியுசின் எதிர்ப்பிலும் பொருள் உண்டு: கடவுள் ஒருவரே என்றால், பிறந்து, பசித்து, அழுது, இறந்த ஒருவரை எவ்வாறு கடவுள் என்பது? இரு கட்சியாரும் வீணர் அல்லர். வாழ்வா சாவா என்று அவர்கள் கருதிய ஒன்றைப் பற்றியே போரிட்டனர். 2025-ஆம் ஆண்டில் நீசேயாவின் 1700-ஆம் ஆண்டு நிறைவை உலகத்துத் திருச்சபைகள் பல நினைவுகூர்ந்தன. நம் பல்கலைக்கழகத்தில் அதனைப் பற்றி ஒரு சொற்பொழிவேனும் நிகழ்ந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்!

இதெல்லாம் எங்கோ மேற்கே நடந்த பழங்கதை என்று கருத வேண்டாம். 451-இல் கூடிய கால்செதோன் மன்றம், கிறிஸ்து ஒருவரே முழுக் கடவுளும் முழு மனிதருமாக, இரு இயல்பினராக இருக்கிறார் என்று தீர்மானித்தது. எகிப்திலும் சிரியாவிலும் ஆர்மீனியாவிலும் இருந்த பழம்பெரும் திருச்சபைகள் அந்தச் சொல்முறையை ஏற்கவில்லை. அந்த ஏற்காத மரபின் கிளை இன்று கேரளத்தில் தழைத்திருக்கிறது. கோட்டயத்திலிருந்து வந்து நம் விடுதியில் தங்கிப் படிக்கும் நண்பர் ஒருவர் ஞாயிறுதோறும் எந்தக் கோயிலுக்குப் போகிறார், எதற்குப் போகவில்லை என்பதில் 451-ஆம் ஆண்டு இன்னும் உயிரோடு இருக்கிறது.

கங்கைக் கரையில் நிகழ்ந்த வாதம்

கிறிஸ்தவ இறையியலை இந்தியர் வாய்பொத்திக் கேட்டுக்கொண்டிருந்தனர் என்ற எண்ணம் பலருக்கு உண்டு. கொல்கத்தாவில் வாழும் நாம் அப்படி எண்ணுவது சிறிதும் தகாது. ஹௌரா நிலையத்தில் வண்டி ஏறினால் ஒரு மணி நேரத்திற்குள் செராம்பூரை அடையலாம். அங்கே வில்லியம் கேரி, யோசுவா மார்ஷ்மன், வில்லியம் வார்டு ஆகிய மூவரும் 1818-இல் ஒரு கல்லூரியைத் தோற்றுவித்தனர். அவ்வூர் அப்போது டேனிஷ்காரர் வசம் இருந்தமையால், 1827-இல் டென்மார்க்கு மன்னர் அதற்குப் பட்டமளிக்கும் உரிமையை வழங்கினார். இந்தியாவெங்கும் உள்ள புராட்டஸ்டண்ட் இறையியல் கல்லூரிகள் பல இன்றும் செராம்பூரின் பட்டத்தையே அளிக்கின்றன.

1820-இல் ராஜா ராம்மோகன் ராய், நற்செய்தி நூல்களிலிருந்து இயேசுவின் அறவுரைகளை மட்டும் தொகுத்து ஒரு நூலாக வெளியிட்டார். அற்புதங்களையும் திரித்துவக் கொள்கையையும் அவர் விலக்கிவிட்டார். செராம்பூரிலிருந்து மார்ஷ்மன் கடுமையாக எதிர்த்தெழுதினார். ராம்மோகன் சினந்து ஒதுங்கினாரா? இல்லை. எபிரேயமும் கிரேக்கமும் கற்று, மூல நூல்களை எடுத்து வைத்துக்கொண்டு, ஒன்றன்பின் ஒன்றாக மூன்று மறுப்புரைகள் எழுதினார். இதில் சுவையான செய்தி ஒன்று உண்டு. செராம்பூர் குழுவைச் சேர்ந்த வில்லியம் ஆடம் என்ற பாதிரியார், ராம்மோகனோடு சேர்ந்து மொழிபெயர்ப்பில் ஈடுபட்டிருந்தபோது அவருடைய வாதத்தால் மனம் மாறி, 1821-இல் திரித்துவக் கொள்கையையே கைவிட்டார். மதம் மாற்ற வந்தவரை ஓர் இந்தியர் கொள்கை மாற்றிவிட்டார்! அதைச் செய்தது வசையன்று, கல்லன்று, கல்வி.

இதே வங்கத்தில் பிறந்த பிரம்மபாந்தவ உபாத்தியாயர் (1861–1907) வேறொரு வழி சென்றார். கத்தோலிக்கராக ஞானஸ்நானம் பெற்ற அவர் காவியுடுத்த துறவியாக வாழ்ந்தார். தந்தை, மகன், தூய ஆவி என்னும் திரித்துவத்தைச் சத்து, சித்து, ஆனந்தம் என்று வேதாந்தச் சொற்களால் போற்றி 1898-இல் வடமொழிப் பாடல் இயற்றினார். திருச்சபை அதிகாரிகள் அவரை ஐயுற்றனர். ஆங்கில அரசோ அவருடைய 'சந்தியா' பத்திரிகையின் எழுத்துக்காக அவர்மீது இராசத்துரோக வழக்குத் தொடுத்தது. வழக்கு முடியுமுன்னே 1907-இல் அவர் மறைந்தார். கிறிஸ்தவர் என்றால் அந்நியர் என்று பேசுவோர் இவரை எந்தப் பெட்டியில் அடைப்பர்?

தமிழ்நாட்டுக்கும் இதில் பங்குண்டு. 1938 டிசம்பரில் சென்னைக்கு அருகே தாம்பரத்தில், சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரி வளாகத்தில், உலக மிஷனெரி மாநாடு கூடியது. டச்சு அறிஞர் ஹென்ட்ரிக் கிரேமர் அம்மாநாட்டிற்கென எழுதிய நூலில், கிறிஸ்துவில் வெளிப்பட்ட கடவுளின் வெளிப்பாட்டிற்கும் மனிதனுடைய சமயங்களுக்கும் தொடர்ச்சி இல்லை என்று வாதித்தார். சென்னையைச் சேர்ந்த பி. செஞ்சையா, வி. சக்கரை முதலியோர் அதே ஆண்டில் வெளியிட்ட நூல் ஒன்றில், இந்தியாவில் கிறிஸ்தவத்தை மறுபடியும் சிந்தித்தாக வேண்டும் என்றனர். இந்த வி. சக்கரை தொழிற்சங்கத் தலைவர். சென்னை மாநகர மேயராகவும் இருந்தவர். இயேசுவை அவதாரம் என்னும் கருத்தால் விளக்கி 1926-இல் நூல் எழுதியவர். பாளையங்கோட்டையில் பிறந்து பின்னர்க் கோவையில் பேராயரான ஏ. ஜே. அப்பாசாமி, கிறிஸ்தவத்தைப் பக்தி மார்க்கமாக விளக்கி 1927-இல் எழுதினார். ஆழ்வார்களையும் நாயன்மார்களையும் பாடிய மண்ணில் பிறந்தவருக்கு யோவான் நற்செய்தி பக்தி நூலாகத் தோன்றியதில் வியப்பில்லை.

இன்றைய கேள்விகள்

இனி, நம் காலத்து வினாக்களுக்கு வருவோம். இவற்றை நான் நான்காகப் பகுத்துக் கூறுகிறேன்.

முதலாவது, துன்பம். 2004 டிசம்பர் 26-ஆம் நாள், கிறிஸ்து பிறப்புப் பெருவிழாவிற்கு மறுநாள், வேளாங்கண்ணிக் கடற்கரையில் நின்ற யாத்திரிகர்களை ஆழிப்பேரலை வாரிக்கொண்டு போயிற்று. வேண்டுதலுக்கு வந்தவர்கள் அவர்கள். கடவுள் எல்லாம் வல்லவர், அன்பானவர் என்றால் இது ஏன்? "அவர்கள் செய்த பாவம்" என்று சொல்லிவிடுவது எளிது. ஆனால் அது கொடுமை. ஜெர்மானியரான யூர்கன் மோல்ட்மன் (1926–2024) சிறுவனாக 1943-இல் ஹாம்பர்க் நகரம் குண்டு வீச்சில் எரிந்தபோது உயிர் தப்பியவர். பின்னர்ப் போர்க்கைதியாக இருந்தவர். 1972-இல் அவர் எழுதிய நூல் கடவுளையே சிலுவையில் அறையப்பட்டவராகக் காண்கிறது. துன்பத்தை மேலிருந்து பார்த்துக்கொண்டிருக்கும் கடவுளை அல்ல, துன்பத்தினுள்ளே கிடந்து துன்புறும் கடவுளையே அவர் காட்டினார். இது போதுமான விடையா? உடன் துன்புறுகிறவரால் மீட்க முடியுமா என்று திருப்பிக் கேட்டவர்களும் உளர். அவ்வினாவை நானும் கேட்கிறேன். ஆயினும், அலையில் பிள்ளையை இழந்த தாயிடம் சொல்லத் தகாத விடை எது என்பதையாவது இந்த வாதம் நமக்குத் தெளிவாக்குகிறது.

இரண்டாவது, அரசு. ஹிட்லர் ஆட்சிக்கு வந்தபோது ஜெர்மன் திருச்சபையில் பலர் அவனை வாழ்த்தினர். இனத்தையும் தலைவனையும் சமயத்தோடு குழைத்தனர். 1934 மே மாதம் பார்மென் நகரில் கூடிய சிலர், திருச்சபைக்குத் தலைவர் கிறிஸ்து ஒருவரே, வேறு எந்தத் தலைவனும் இல்லை என்று அறிக்கை விடுத்தனர். சுவிட்சர்லாந்து அறிஞர் கார்ல் பார்த் அவ்வறிக்கையை வரைந்தவர்களுள் முதன்மையானவர். அதன் வழி நின்ற டீட்ரிக் போன்ஹோஃபர் ஹிட்லரை எதிர்த்த சதியில் சேர்ந்து, 1945 ஏப்ரல் 9-ஆம் நாள் தூக்கிலிடப்பட்டார். ஜெர்மனி சரணடைய ஒரு மாதமே இருந்தது. அப்போது அவருக்கு வயது 39. பார்மென் அறிக்கையிலும் குறை உண்டு: யூதர்களுக்கு இழைக்கப்பட்ட கொடுமையைப் பற்றி அது வாய் திறக்கவில்லை. இறையியல் ஒரு மனிதனுக்குக் கொடுங்கோலை எதிர்க்கும் முதுகெலும்பைத் தரலாம். அதே இறையியல் பக்கத்து வீட்டானின் ஓலத்தைக் கேளாதபடி காதையும் அடைத்துவிடலாம். சமயத்தையும் தேசத்தையும் ஒன்றாகக் குழைக்கும் போக்கு எந்நாட்டில் எழுந்தாலும், இவ்வரலாற்றைக் கற்றவன் விழித்துக்கொள்வான்.

மூன்றாவது, ஏழையும் தீண்டாமையும். 1971-இல் பெரு நாட்டுக் குருவான குஸ்தாவோ குத்தியேரஸ் 'விடுதலை இறையியல்' என்னும் கருத்தை நூலாக வடித்தார். ஏழையின் பக்கத்தில் நின்று வேதத்தைப் படித்தால் அதன் பொருளே மாறுகிறது என்பது அதன் சாரம். எல் சால்வடார் நாட்டில் ஏழைகளுக்காகப் பேசிய பேராயர் ஆஸ்கர் ரொமேரோ 1980 மார்ச்சு 24-ஆம் நாள் பலிபீடத்தருகே சுட்டுக் கொல்லப்பட்டார். நம் நாட்டிலோ வறுமையோடு சாதியும் சேர்ந்து நிற்கிறது. 1981-இல் பெங்களூரில் ஆற்றிய உரையொன்றில் அரவிந்த் நிர்மல் ஒரு வினாவை எழுப்பினார்: இந்தியக் கிறிஸ்தவருள் பெரும்பாலோர் ஒடுக்கப்பட்ட மக்களாக இருக்க, இந்தியக் கிறிஸ்தவ இறையியல் மட்டும் ஏன் உயர்சாதி வேதாந்தத்தோடேயே உரையாடிக்கொண்டிருக்கிறது? அதிலிருந்து தலித் இறையியல் பிறந்தது. நான் மேலே புகழ்ந்த பிரம்மபாந்தவரையும் இவ்வினா தொடுகிறது என்பதைக் கவனியுங்கள். சச்சிதானந்தம் என்ற சொல் அழகியதுதான்; ஆனால் சேரிக்கு வெளியே நின்று பாடப்பட்டது அல்லவா?

இது ஏட்டு வாதம் அன்று. தமிழ்நாட்டில் சாதிக்கொரு பகுதியாகப் பிரிக்கப்பட்ட கல்லறைத் தோட்டங்கள் உண்டு. ஞானஸ்நானம் பெற்றுச் செத்த பிறகும் சாதி சாகவில்லை. 1950-ஆம் ஆண்டின் அட்டவணைச் சாதிகள் ஆணை, இந்துக்கள் மட்டுமே அப்பட்டியலில் இடம்பெறுவர் என்றது. 1956-இல் சீக்கியருக்கும், 1990-இல் பௌத்தருக்கும் அது விரிவாக்கப்பட்டது. கிறிஸ்தவருக்கும் முஸ்லிம்களுக்கும் விரிவாக்கப்படவில்லை. 2022-இல் மத்திய அரசு இதனை ஆராய ஓர் ஆணையத்தை அமைத்தது. மதம் மாறினால் சாதி போய்விடுகிறதா என்ற வினா நீதிமன்றத்துக்கும் உரியது, சமூகவியலுக்கும் உரியது. திருச்சபையின் மனச்சான்றுக்கோ முதன்மையாக உரியது. சாதி போய்விட்டது என்று சொன்னால் கல்லறைச் சுவர் பொய் சொல்லவேண்டும். போகவில்லை என்று சொன்னால், கிறிஸ்துவுக்குள் வேற்றுமை இல்லை என்னும் போதனை எங்கே போயிற்று என்று கேட்கவேண்டும்.

நான்காவது, பெண்கள். தென்னிந்தியத் திருச்சபை 1947 செப்டம்பர் 27-இல் தோன்றியது. பல்வேறு புராட்டஸ்டண்ட் மரபுகள் ஆயர் முறையை ஏற்று ஒன்றாக இணைந்த செயல் அது. உலகமே திரும்பிப் பார்த்தது. அத்திருச்சபை 1976-இல் முதன்முதலாக ஒரு பெண்ணுக்குக் குருப்பட்டம் அளித்தது. 2013-இல் நந்தியால் மறைமாவட்டத்தில் புஷ்பலலிதா அம்மையார் அதன் முதற்பெண் பேராயரானார். கத்தோலிக்கத் திருச்சபையும் கீழைத் திருச்சபைகளும் பெண்களுக்குக் குருப்பட்டம் அளிப்பதில்லை. ஒரே வேதத்தைப் படிப்பவர் இரு முடிவுக்கு வருவது எவ்வாறு? நூல் சொல்வதை எங்கே நிறுத்தி, காலம் சொல்வதை எங்கே கேட்பது? ஒவ்வொரு சமயத்தாரும், ஏன், ஒவ்வொரு நாட்டின் அரசியல் சட்டமும் இந்தக் கேள்வியைச் சந்தித்தே தீரவேண்டும்.

இந்நான்கோடு நின்றுவிடவில்லை. பூமியின் சூழல் கெடுவது பற்றிப் போப் பிரான்சிஸ் 2015-இல் திருமுகம் எழுதினார். செயற்கை நுண்ணறிவைப் பற்றி 2025 சனவரியில் வத்திக்கான் ஓர் ஆவணம் வெளியிட்டது. பொறியியல் பயிலும் நண்பர்களும் இங்கே வந்து சேர வழி இருக்கிறது.

மூன்று தடைகள்

இனி, நண்பர்கள் எழுப்பும் தடைகளுக்கு விடை கூறுவேன்.

"இது மதம் மாற்றும் சூழ்ச்சி" என்பது முதல் தடை. கற்பது வேறு, ஏற்பது வேறு. மார்க்சைப் படித்தவரெல்லாம் பொதுவுடைமைவாதியாகிவிடவில்லை. கற்றவனைவிடக் கல்லாதவனே எளிதில் இழுக்கப்படுவான். எளிதில் வெறுப்பூட்டப்படவும் அவனே படுவான். ராம்மோகனை எண்ணிப் பாருங்கள்.

"கடவுள் உண்டு என்று வைத்துக்கொண்டு தொடங்கும் ஒன்று அறிவுத்துறை ஆகுமா?" என்பது இரண்டாவது. இதுவே வலிமையான தடை. கடவுள் என்பது மனிதன் தன் இயல்பையே பெருக்கி வானத்தில் எழுதிய ஓவியம் என்று ஃபாயர்பாக் 1841-இல் வாதித்தார். அந்த வாதத்தை இறையியல் மாணவர்கள் தள்ளிவிடாமல் படிக்கின்றனர். கார்ல் பார்த்தே அதனை ஊன்றிப் படிக்கச் சொன்னவர். தன் பகைவனின் நூலைப் பாடமாக வைக்கும் துறையை மூடநம்பிக்கை என்று ஒதுக்க முடியாது. கடவுள் இல்லை என்று கொண்ட நண்பருக்கும் இதில் வேலை உண்டு: மறுக்கவேண்டியதை நன்றாக அறிந்து மறுக்கலாம் அல்லவா?

"அரசுப் பல்கலைக்கழகத்தில் இதற்கு இடமில்லை" என்பது மூன்றாவது. மதராசுப் பல்கலைக்கழகத்தில் சைவ சித்தாந்தத்திற்கும், வைணவத்திற்கும், சமணத்திற்கும், கிறிஸ்தவத்திற்கும் தனித்தனித் துறைகள் உள்ளன. மதச்சார்பின்மை என்பது அரசு ஒரு சமயத்தின் பக்கம் சாயாமை. மாணவன் எல்லாச் சமயத்தையும் அறியாமை அன்று.

கிறிஸ்தவ நண்பர்களுக்கும் ஒரு சொல். ஞாயிறு பள்ளியில் பத்து வயதில் கற்றதோடு பலர் நின்றுவிடுகிறீர்கள். கணிதத்தில் பத்து வயதில் கற்றதோடு நின்றவர் எவரேனும் பொறியியல் பட்டம் பெற்றதுண்டா? பிறர் கேட்கும் கேள்வி உங்கள் நம்பிக்கையைக் கெடுக்கும் என்று அஞ்சினால், அந்த நம்பிக்கையின் வலிமை அவ்வளவுதானா என்று உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள்.

ஆதலால் நம் சங்கத்திற்கு ஒரு வேண்டுகோள் விடுக்கிறேன். அடுத்த பருவத்தில் எட்டு வாரம் ஒரு படிப்பு வட்டம் நடத்துவோம். வாரம் ஒரு கேள்வி: நீசேயா, அருள், துன்பம், அரசு, ஏழை, சாதி, பெண், பிற சமயம். செராம்பூருக்கு ஒருநாள் சென்று அக்கல்லூரியின் நூலகத்தைப் பார்த்து வருவோம். அடுத்தடுத்த பருவங்களில் சைவம், வைணவம், இஸ்லாம், பௌத்தம், நாத்திகம் ஆகியவற்றையும் இதே முறையில் எடுத்துக்கொள்வோம். இதற்கு ஒரே ஒரு விதி போதும். அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியாரைப் பரபக்கம், சுபக்கம் என இரண்டாக வகுத்தார். பிறர் கொள்கையை முதலில் எடுத்துரைத்து விட்டுத்தான் தம் கொள்கைக்கு வந்தார். நாமும் அவ்வாறே செய்வோம். எதிர்க்கட்சியான், "ஆம், நான் சொல்வது அதுதான்" என்று ஒப்பும் அளவிற்கு அவன் கொள்கையை எடுத்துரைத்த பிறகே மறுக்கும் உரிமை ஒருவனுக்கு உண்டு என்று வைத்துக்கொள்வோம்.

சமயத்தின் பெயரால் கூட்டம் கூடும் காலம் இது. கூட்டத்தில் ஒருவனாகப் போகிறவனுக்கு முழக்கம் மட்டும் தெரிந்தால் போதும். முழக்கத்தை நிறுத்தி, "இதன் பொருள் என்ன?" என்று கேட்கத் தெரிந்த பத்து மாணவர்களை நம் சங்கம் உருவாக்கினால், அதுவே இந்நகரில் வாழும் தமிழர்க்கு நாம் செய்யும் நற்பணியாகும். விருப்பமுள்ளவர் தங்கள் பெயரைச் செயலரிடம் கொடுக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். மறுக்க விரும்புவோர் பெயரை முதலில் கொடுக்கவேண்டும்.